உரிமையாளரே பொறுப்பு: கடுவன் பூனையும் கருத்தடைச் சட்டமும்

இங்கே உரை எழுத எடுத்துக்கொண்ட பாடம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மற்றது, அதன் கீழ் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். 2001இல் வந்த முந்தைய விதிகளின் தலைப்பிலேயே ‘நாய்கள்’ என்று இருந்தது. புதிய தலைப்பில் அந்தச் சொல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் காமயகவுண்டன்பட்டியில் (கே.கே.பட்டி) ஓட்டுச் சாய்ப்பின் மேல் படுத்திருக்கும் கடுவன் பூனைக்கும் இப்போது சட்டத்தில் இடமுண்டு. பாடவரிகளைச் சட்டத்தின் பொருள் கெடாமல் என் தமிழில் தருகிறேன்.

பாடம்: செல்லப் பிராணி என்பது தனியொருவருக்கு உரியதாகி, வீட்டுக்குள் வளர்க்கப்படுவது.

முதல் வரியிலேயே நம் ஊர்ப் பூனை பிடி கொடுக்காமல் நழுவுகிறது. கே.கே.பட்டியில் பூனையை வீட்டுக்குள் அடைத்து வளர்ப்பவர்கள் குறைவு. சுற்றிலும் முல்லைப் பெரியாற்றுப் பாசன நெல்வயல், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலிக்காகத்தான் பூனை. காலையில் பால்சோறு தின்னும், பகலெல்லாம் தூங்கும், இருட்டியதும் பந்தலடிக்குப் போய்விடும். கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதென்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தால், “அது எங்கிருந்தோ வருது, நாங்க வளர்க்கலை” என்று கைகழுவிவிடலாம்.

அந்த வாயிலைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அடைக்கிறது. பராமரிப்பவரோ, தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ, யாராயினும் அந்த உயிரின் நலனைக் காக்கவும் தேவையற்ற வலி வராமல் தடுக்கவும் வேண்டும் என்கிறது அது. விதியின் வரையறையையும் இந்தப் பிரிவையும் சேர்த்துப் படித்தால், தினமும் தட்டு வைக்கிற வீடுதான் அந்தப் பூனையின் வீடு என்றே நான் பொருள் கொள்வேன். பூனை இரவில் எங்கே போகிறது என்பது அந்தக் கடமையைக் குறைக்காது.

பாடம்: குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பு.

முதல் இரண்டில் வழக்கே இல்லை. வெறிநோய் பூனைக்கடியாலும் வரும், ஊசி போட்டாக வேண்டும்.

மூன்றாவதில்தான் வாதம் முழுவதும். விதி ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஆனால் பெட்டைப் பூனை வைத்திருப்பவருக்கு ஒன்பது வாரத்தில் குட்டிகள் அடுப்படியிலேயே பிறக்கின்றன. கடுவன் வைத்திருப்பவர் வீட்டில் எதுவும் பிறப்பதில்லை. “நம்ம பூனை ஆம்பளைதானே, எதுக்கு ஆப்ரேசன்?” என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு தெருவில் பத்துக் கடுவன்களில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும், மிஞ்சிய ஒன்று அந்தத் தெருப் பெட்டைகள் எல்லாவற்றையும் சினையாக்கிவிடும். பிறப்பைக் குறைப்பது பெரும்பாலும் பெட்டைக்குச் செய்யும் அறுவைதான். கடுவனுக்குச் செய்தால் ஊரில் பூனைகள் குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் பாதியை மறைக்கிறார்கள்.

கடுவனுக்குச் செய்வதற்கான முதற்காரணம் அந்தக் கடுவனின் உடம்பு. கருத்தடை செய்யாத ஆண் பூனை பருவத்தில் நெடுந்தூரம் அலைகிறது, மற்றக் கடுவன்களோடு புரள்கிறது. பூனைப்பல் ஊசிபோல் இறங்கும். மேல்தோல் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டி, நாலைந்து நாளில் கன்னமோ வால் அடியோ வீங்கி உடைகிறது. பூனைகளின் நோய் எதிர்ப்பாற்றலை அழிக்கும் எஃப்ஐவி என்ற வைரஸ் முக்கியமாகப் பரவுவது இந்தக் கடிகளின் வழியே. 1986இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. வெளியே திரிந்து சண்டையிடும் கடுவன்களே இதற்கு அதிகம் இரையாகின்றன.

அறுவைக்குப் பின் என்ன மாறும்? 1973இல் ஹார்ட், பாரெட் என்ற இரு ஆய்வாளர்கள் வளர்ந்த ஆண் பூனைகளைப் பார்த்து எழுதியதை மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். சண்டை, அலைச்சல், சுவரில் மூத்திரம் பீய்ச்சுவது ஆகிய மூன்றும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பூனைகளில் குறைந்தன. மிச்சமுள்ள பத்தில் ஒன்றும் உண்மைதான். எல்லாக் கடுவனும் பீய்ச்சுவதை நிறுத்திவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எதிர்த்தரப்பின் அச்சங்களையும் உரை தாண்டிப்போகக் கூடாது. எலி பிடிக்காது என்கிறார்கள்: அது சரியல்ல, வேட்டைக்கும் விதைக்கும் தொடர்பில்லை. கொழுத்துப்போகும் என்கிறார்கள்: அது சரி. அறுவைக்குப் பின் உடம்புக்குத் தேவையான எரிசக்தி ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது, பசியோ கூடுகிறது. பழைய அளவிலேயே சோறு வைத்தால் சில மாதங்களில் வயிறு தொங்கும். மூத்திரம் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் இன்னும் கவனிக்க வேண்டியது. ஆண் பூனையின் மூத்திரக்குழாய் இயல்பிலேயே குறுகியது. இளவயதில் அறுவை செய்தால் அது மேலும் சுருங்கும் என்று முன்பு நினைத்தார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. பருத்த உடம்பு, அசைவின்மை, உலர்தீனியை மட்டுமே தின்று தண்ணீர் குடிக்காமை ஆகியவை அடைப்போடு சேர்ந்து வருகின்றன. கடுவன் மண்ணில் உட்கார்ந்து முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் கத்தினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். விடியட்டும் என்று விட்டால் உயிர் போய்விடலாம்.

பாடம்: கொம்பு நீக்கல், காயடித்தல், சூடு வைத்தல், மூக்கணாங்கயிறு குத்தல் ஆகியவை விதித்த முறையில் செய்யப்பட்டால் வதை ஆகா.

இது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தரும் விலக்கு. எழுதியவர்கள் மனத்தில் இருந்தது மாடுதான் என்று வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. நம் பள்ளத்தாக்கில் இதற்கு உரை தேவையே இல்லை. உழவுக்கும் வண்டிக்கும் நிற்கும் காளையைக் காயடிப்பார்கள். பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி வாடிவாசலுக்கு வளர்க்கும் காளையைத் தொட மாட்டார்கள். எந்த மாட்டுக்கு என்ன வாழ்வு என்று பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இங்கே தலைமுறைகளாக உண்டு. மாட்டுக்கு முகம் சுளிக்காதவர் பூனைக்கு மட்டும் ‘இயற்கைக்கு விரோதம்’ என்று சொல்லும்போது, அவர் அந்தப் பூனையின் வாழ்வைப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இவ்வரியின் கனம் ‘விதித்த முறையில்’ என்பதில் இருக்கிறது. பழைய நாளில் மாட்டுக்கு நசுக்கியதுபோல யாரோ ஒருவர் மயக்கமின்றி பிளேடால் கீறுவது இந்த விலக்குக்குள் வராது, அது வதை. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, விதைப்பையைச் சிறிதாகக் கீறி, விந்துக்குழாயை முடிச்சிட்டு விதைகளை எடுக்கிறார். கை பழகியவருக்குச் சில நிமிட வேலை, பெரும்பாலும் தையல்கூடப் போடுவதில்லை. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், அதோடு பார்த்தால் இது சிறிய அறுவை. நாலைந்து மாதத்தில், பீய்ச்சும் பழக்கம் தொடங்கும் முன் செய்துவிடுவது நல்லது. மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சென்னைக்கோ மதுரைக்கோ ஓட வேண்டிய காலம் போயிற்று.

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்படித்தான் நிற்கிறது. உறுப்பு அகற்றலைப் பொதுவாகத் தடுத்துவிட்டு, கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் அறுவைக்கு விலக்கு தருகிறது. அந்த நாட்டில் பாடர்போர்ன் நகரம் 2008இல் ஒரு படி மேலே போய், வெளியே விடப்படும் வீட்டுப் பூனைகளுக்குக் கருத்தடையைக் கட்டாயமாக்கியது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின.

கத்தி வேண்டாம், மாற்று உண்டா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. விந்துக்குழாயை மட்டும் வெட்டும் வாசக்டமி செய்தால் குட்டி உண்டாகாது, ஆனால் ஹார்மோன் அப்படியே இருக்கும். சண்டை, அலைச்சல், நாற்றம் எதுவும் குறையாது. ஆளில்லாத் தெருப்பூனைக் கூட்டங்களுக்கு இதுவே மேல் என்று 2013இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் கணினி மாதிரியில் காட்டினார்கள். வாசக்டமி செய்த வலுத்த கடுவன் பிற கடுவன்களை விரட்டிக்கொண்டே இருக்கும், அதனோடு சேரும் பெட்டை பொய்ச்சினையில் நாள் கழிக்கும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டுப் பூனைக்கு அந்தக் கணக்கு உதவாது. தோலடியில் வைக்கும் டெஸ்லோரெலின் குச்சி ஓராண்டு அளவுக்கு ஹார்மோனை அடக்கும். எத்தனை மாதம் என்பது பூனைக்குப் பூனை மாறும், தீர்ந்ததும் மறுபடி வைக்க வேண்டும். மயக்க மருந்து தாங்காத பூனைக்கு நல்ல வழிதான், மலிவான வழியல்ல. புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மாத்திரைகள் நீரிழிவையும் மார்க்கட்டியையும் கொண்டுவரக்கூடும், அவற்றை நான் மாற்றென்றே எண்ணவில்லை. ஒரே ஊசியில் கருத்தரிப்பைத் தடுக்கும் மரபணு மருத்துவம் பற்றி 2023இல் வந்த ஆய்வு பெட்டைகளுக்கானது.

பாடம்: பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில், தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம்.

ஊரில் நடைமுறையில் உள்ள ‘மாற்று’ இதுதான். பீய்ச்சுகிற கடுவனைச் சாக்கில் கட்டி, இருட்டில் வண்டியில் கொண்டுபோய், கம்பம் சந்தைப் பக்கமோ சுருளி மலையடியிலோ அவிழ்த்துவிடுகிறார்கள். கொல்லவில்லை என்ற நிம்மதி அவர்களுக்கு. பழகிய தட்டும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அது அங்குள்ள கடுவன்களிடம் கடிபடும், எலிமருந்து தின்ற எலியைத் தின்னும். சுருளியைத் தாண்டினால் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்குள்ள சிறுத்தைப் பூனைக்கும் காட்டுப்பூனைக்கும் வீட்டுப் பூனையின் நோய்கள் தொற்றக்கூடியவை. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இந்தத் தொகையைப் பார்த்து யாரும் சாக்கைக் கீழே வைக்கப்போவதில்லை. பேரூராட்சியும் கால்நடைத் துறையும் மாட்டுக்கு முகாம் போடும் நாளில் பூனைக்கும் ஒரு மேசை ஒதுக்கினால் சாக்குகள் குறையும்.

அறுவை முடிந்த கடுவனை மயக்கம் முழுதும் தெளியும்வரை கதகதப்பான, உயரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும், சில நாள் வெளியே விடக் கூடாது. குழாயில் தங்கிய விந்து கொஞ்ச காலம் உயிரோடிருக்கும் என்பதால் ஒரு மாதமேனும் பெட்டைகளிடமிருந்து பிரித்து வைப்பது அவசியம். சோற்றின் அளவைக் குறைக்க வேண்டியதும் அந்த மாதத்திலிருந்தே.