பட்டாசு நிலத்தில் நலவாழ்வுப் பதிவேடு

தமிழக அரசு மருத்துவத் துறையில் கணினி வேரூன்றிய முதல் இடங்களுள் ஒன்று மருந்துக் கிடங்கு. 1994-இல் நிறுவப்பட்டு மறு ஆண்டு செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கிடங்குகளின் இருப்பைக் கணினியில் ஏற்றியதோடு, ஒவ்வொரு மருத்துவமனையும் பெறத்தக்க மருந்தின் பணமதிப்பைக் குறிக்கும் பாஸ்புத்தகத்தையும் வழங்கியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இம்முறையைத் தழுவின.

மருந்தை அடுத்துத் தாய்மார் கணினிக்குள் வந்தனர். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று கையால் எழுதிவந்த கர்ப்பிணிகளின் விவரம், கருவுற்றது தொட்டுக் குழந்தையின் தடுப்பூசி வரை ஒரே எண்ணின்கீழ்த் தொடரும் 'பிக்மி' என்னும் இணையவழிப் பதிவாக 2008-இல் உருப்பெற்றது. 2017-இல் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் தேவை என்றானதும், தனியார் மருத்துவமனைப் பேறுகளும் இக்கணக்கில் சேர்ந்தன. பதிவேட்டிலும் கணினியிலுமாக இரட்டைச் சுமை தாங்கிய செவிலியரின் உழைப்பே இதன் அடித்தளம் என்பதைக் கொள்கை ஆவணங்கள் போதிய அளவு பேசுவதில்லை.

ஆனால் பிக்மியில் பதிவான அதே பெண் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும்போது அவளது பதிவு வேறொருவர் கைக்குப் போகிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், அதாவது தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவால் மருத்துவமும் இழப்பீடும் தரும் இ.எஸ்.ஐ., பின்னர் இணையத்துக்கு மாறியபோதும், பெயரைப் பதியும் பொறுப்பு முதலாளியிடமே நீடித்தது. உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பிறருக்கு வாடகைக்கு விடும், விதிகள் அனுமதிக்காத உள்குத்தகை வழக்கத்தில், அங்கே பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துபவரின் பெயர் எவருடைய ஏட்டிலும் ஏறாமற்போக இடமுண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் குறைந்தது 20 உயிர்களைப் பறித்த வெடிவிபத்து, இவ்வழக்கத்தின் கேட்டை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும், செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நலவாழ்வு எண் வழங்கும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கமும் தொடங்கின. முன்னது 2024-இல் தொழிலிடங்களுக்கும் விரிந்தது. எனினும் அதன் முதன்மை நோக்கம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் போன்ற தொற்றா நோய்களைக் கண்டறிவதே. எந்த அறையில், எந்த வேதிப்பொடியோடு, எத்தனை ஆண்டு வேலை என்ற கேள்விகளும் அத்திட்டத்தின் பரிசோதனைப் படிவத்தில் இடம்பெற்று, தொழிலாளியின் வாய்மொழியே அவற்றுக்குப் போதிய சான்றாக ஏற்கப்பட வேண்டும்.