பழைய அம்பாசடர், ஹெரால்டு கார் வச்சிருக்கீங்களா? ஈயம் போய் எத்தனால் வந்த பெட்ரோலில் எப்படி ஓட்டுறது?

தாத்தா காலத்து கார் ஷெட்டில் நிற்குது. இன்ஜினும் நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்த கார் தயாரானபோது பங்கில் கிடைத்த பெட்ரோல் வேறு, இன்று கிடைக்கும் பெட்ரோல் வேறு. அன்று பெட்ரோலில் ஈயம் இருந்தது, இன்று இல்லை. அன்று எத்தனால் இல்லை, இன்று 20 சதவீதம் வரை இருக்கிறது.

அதிராம்பட்டினம் போல உப்புக்காற்று வீசும் ஊரில், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு இந்த இரண்டு மாற்றமும் முக்கியம். இதில் எது பெரிய பிரச்சினை, என்ன செய்யணும்? பார்க்கலாம்.

பெட்ரோலில் ஈயம் எதுக்கு?

1921-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி, ஒரு ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தால் இன்ஜினில் 'நாக்கிங்' நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு 'வால்வு சீட்' என்று பெயர். ஈயம் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, தேய்மானத்தைத் தடுத்தது.

ஆனால், புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுத்துவிடும். அதனால் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் அதுதான். 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, உலகில் எந்த நாட்டு பங்கிலும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் இல்லை.

எந்தெந்த கார்களுக்குப் பாதிப்பு?

வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டில், தனி வளையம் வைக்காமல் இரும்பிலேயே வால்வு சீட் கடைந்த இன்ஜின்களுக்குத்தான் கவலை.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு இந்த ரகம். பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் அதே ஹெரால்டின் சேஸியை வைத்து உருவானதுதான். நம்ம ஊர் கல்யாணங்களில் ஓடிய அம்பாசடருக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜி-ஏ ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே குடும்பம்.

அலுமினிய ஹெட் உள்ள இன்ஜின்களில் வால்வு சீட் தனி வளையமாகவே இருக்கும். அவற்றுக்கு ஆபத்து குறைவு. டீசல் அம்பாசடருக்கு இந்தப் பேச்சே இல்லை.

உடனே இன்ஜினைப் பிரிக்கணுமா?

வேண்டாம். வால்வு சீட் தேய்வது பெரும்பாலும் தொடர்ந்து வேகமாக, அதிக லோடில் ஓட்டும்போதுதான். பட்டுக்கோட்டை வரை நிதானமாகப் போய் வரும் காருக்கு அது சீக்கிரம் வராது. கிழக்கு கடற்கரைச் சாலையில் மணிக்கணக்கில் விரட்டினால் வரலாம்.

கண்டுபிடிப்பது எளிது. சர்வீஸ் செய்யும்போதெல்லாம் டேப்பெட் கேப் எவ்வளவு என்று அளந்து எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கேப் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், வால்வு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் வால்வு சரியாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், வால்வே கருகிவிடும்.

அந்த நிலை வந்தால் ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் கடினமான வால்வு சீட் வளையம் பொருத்தினால் போதும். அதன் பிறகு ஈயம் தேவையே இல்லை. அதுவரை சமாளிக்க, ஈயத்துக்கு மாற்றாக விற்கும் திரவத்தைப் பெட்ரோலில் கலக்கலாம். ஆனால் இரண்டு மூன்று வகைகளை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

அப்போ பெரிய பிரச்சினை எது?

எத்தனால். 2022-ல் 10 சதவீதக் கலப்பை எட்டிய இந்தியா, 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. இன்று அதுதான் வழக்கமான பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

பழைய காரில் இது மூன்று வேலை செய்கிறது.

ரப்பர்: பழைய ஹோஸ், வாஷர், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஊறியோ, வெடித்தோ கசியும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொன்னது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். அதனால் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

சூடு: எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. பழைய கார்ப்பரேட்டருக்கு அதை உணர்ந்து கலவையை மாற்றத் தெரியாது. பெட்ரோல் பங்கு குறைந்து, எக்ஸாஸ்ட் வால்வு கூடுதலாகச் சூடாகலாம். ஈயத்தின் பாதுகாப்பு இல்லாத அதே வால்வு சீட்டில்தான் இந்தச் சூடும் போய் விழுகிறது.

தண்ணீர்: எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டேங்க் துருப்பிடிக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யணும்?

* பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.
* பம்ப் டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர்களையும் மாற்றுங்கள்.
* எத்தனால் டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்து இழுத்து வரும். ஆரம்பத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள்.
* மெக்கானிக்கிடம் சொல்லி கார்ப்பரேட்டர் கலவையைக் கொஞ்சம் 'ரிச்' ஆக வையுங்கள். நாக்கிங் சத்தம் கேட்டால் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* மைலேஜ் குறைந்தால் பதற வேண்டாம். பழைய கார்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை சொல்கிறது.
* 'பிரீமியம்' என்று போட்டிருந்தாலே எத்தனால் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. பங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊருக்குப் போறவங்க கவனத்துக்கு

துபாய், சிங்கப்பூர் என்று மாதக்கணக்கில் கிளம்பினால், டேங்கில் இருக்கும் பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து இறக்கி, கார்ப்பரேட்டரையும் காலி செய்துவிட்டுப் போவது நல்லது. வீட்டில் இருப்பவர்கள் ஓட்டுவார்கள் என்றால், கொஞ்சமாகப் போட்டு அடிக்கடி ஓட்டித் தீர்க்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை 5 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது மட்டும் போதாது. டேங்கில் அதே பழைய பெட்ரோல்தான் கிடக்கும்.

2000-க்கு முன்பே நிறுத்தி வைத்த காரை இப்போது வெளியே எடுப்பதாக இருந்தால், பங்குக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் காட்டி டேங்க், ஹோஸ், டேப்பெட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். 2000-க்குப் பிறகும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் ஈயத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அந்த காரில் முதலில் மாற்ற வேண்டியது பெட்ரோல் ஹோஸ்தான்.