மூணு முறை பேச்சிழந்தவர்: குமரகுருபரரும் "கருமமே கண்"ணும்

"கருமமே கண்ணா இரு"ன்னு உங்களைப் பார்த்து யாராவது ஒரு தடவையாவது சொல்லியிருப்பாங்க. பொதுத்தேர்வுக்கு முன்னாடி வீட்ல சொல்லியிருக்கலாம். இல்லைன்னா டிஎன்பிஎஸ்சி, நீட்னு ஏதாவது கோச்சிங் கிளாஸ்ல சொல்லியிருக்கலாம். இது பழமொழி மாதிரியே ஆயிடுச்சு. ஆனா இதைப் பிரபலமாக்கினது ஒரு வெண்பா. அந்த வெண்பா இருக்கிற புத்தகம் நீதிநெறி விளக்கம், எழுதினவர் குமரகுருபரர்.

அந்தப் புத்தகத்துல மொத்தம் 102 வெண்பா. அதுல நம்ம ஞாபகத்துல தங்கினது பெரும்பாலும் இந்த ஒண்ணுதான். உடம்பு வலியைப் பார்க்காதே, பசியைப் பார்க்காதே, தூங்காதே, யார் என்ன கெடுதல் செஞ்சாலும் கண்டுக்காதே, நேரம் காலம் பார்க்காதே, அவமானத்தைப் பொருட்படுத்தாதே. காரியத்துல கண்ணா இருக்கிறவங்க இப்படித்தான் இருப்பாங்கன்னு அந்தப் பாட்டு சொல்லுது. இதை மட்டும் தனியா எடுத்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படின்னு மிரட்டுற போஸ்டர் மாதிரி இருக்கும். கல்வியைப் பத்தி அவர் சொன்ன மத்த விஷயங்களோட சேர்த்துப் படிச்சா இது வேற மாதிரி தெரியும். இந்த எபிசோடுல அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல ஆள் யாருன்னு பார்ப்போம். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். பொதுவா 1625 முதல் 1688 வரைன்னு சொல்வாங்க. ஊர் தாமிரபரணிக் கரையில இருக்கிற ஸ்ரீவைகுண்டம். உலகத்துல அப்போ என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு ஒரு கணக்குக்குச் சொல்றேன். 1637ல டெகார்ட் தன்னோட புகழ்பெற்ற நூலை வெளியிடறார். "நான் சிந்திக்கிறேன், அதனால இருக்கிறேன்"னு நாம கேள்விப்பட்டது அதுலேர்ந்துதான். 1639ல கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைக் கடற்கரையில கோட்டை கட்ட இடம் கிடைக்குது. தத்துவ வரலாற்றுல நவீன காலத்தின் தொடக்கம்னு சொல்ற கட்டம் இது. அந்தப் பட்டியல்ல பெரும்பாலும் ஐரோப்பியப் பேர்தான் வரும். அதே காலத்துல அறிவு, ஒழுக்கம், மனுஷ சுபாவம் மூணையும் பத்தித் தமிழ்ல ஒருத்தர் யோசிச்சு எழுதிட்டு இருந்தார்.

அவர் வாழ்க்கை வரலாறுன்னு நமக்குக் கிடைக்கிறதுல நிறைய மரபுவழிக் கதைகள்தான். நடந்ததா இல்லையான்னு வழக்காட முடியாது. ஆனா அந்தக் கதைகள்ல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது. அவர் மூணு தடவை பேச முடியாம நிக்கிறார்.

முதல் தடவை குழந்தையா இருக்கும்போது. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சே வரலை. அப்பா அம்மா திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, முருகன் சன்னிதியில பேச்சு வருது, கந்தர் கலிவெண்பா பாடறார்னு கதை.

அதுக்கப்புறம் மதுரை. திருமலை நாயக்கர் ஆட்சி, 1623லேர்ந்து 1659 வரைக்கும். அங்கேதான் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறுது. நாயக்கர் கேட்டுக்கிட்டதாலதான் நீதிநெறி விளக்கத்தையும் எழுதினார்னு சொல்வாங்க. ராஜா கேட்டு எழுதின நீதி நூல்னா ராஜாவைப் புகழ்ந்து தொடங்கும்னு நினைப்போம். இது இளமை, செல்வம், உடம்பு மூணுமே நிலைக்காதுன்னு தொடங்குது. ரெண்டாவது பாட்டுலயே கல்விக்கு வந்துடறார்.

கல்வியைப் பத்தி அவர் சொல்றதுல முதல் விஷயம், அது தொடக்கத்துல கஷ்டம், போகப் போகத்தான் இன்பம். காமம் இதுக்குத் தலைகீழ். முதல்ல கொஞ்சம் இன்பம், பின்னாடி பெரிய துன்பம். ரெண்டையும் ஒரே பாட்டுல பக்கத்துல பக்கத்துல வைக்கிறார். மனுஷ சுபாவம் உடனே கிடைக்கிற இன்பத்துப் பக்கம்தான் சாயும்னு அவருக்குத் தெரியும். அதனால "படிப்பு ஜாலியா இருக்கும்"னு அவர் ஆசை காட்டலை. முதல்ல கசக்கும்னு சொல்லிட்டுத்தான் கூப்பிடறார்.

ரெண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது. எவ்வளவு படிச்சிருந்தாலும், எந்த இடத்துல எதைச் சொல்லணும்னு யோசிச்சு உணர்ற அறிவு இல்லைன்னா அந்தப் படிப்பு இல்லாத மாதிரிதான். சரி, அந்த உணர்வும் இருக்கு, ஆனா எடுத்துச் சொல்லத் தெரியலைன்னா? அப்பவும் என்ன பயன்னு கேட்கிறார். மூணும் சேர்ந்தா பொன்னால செஞ்ச பூவுக்கு வாசனையும் வந்த மாதிரி.

இங்கே டெகார்ட்டைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அவர் தனியா ஒரு அறையில உட்கார்ந்து எல்லாத்தையும் சந்தேகப்பட்டு, கடைசியில தன்கிட்டேயே ஒரு நிச்சயத்தைக் கண்டுபிடிக்கிறார். குமரகுருபரருக்கு அறிவு முழுமையாகிற இடம் அவை. நாலு பேர் உட்கார்ந்து கேட்கணும், கேள்வி கேட்கணும். அங்கே நிக்க முடியுதான்னு பார்க்கிறார்.

இதை அவர் ரொம்பக் கடுமையாவே சொல்றார். இருக்கிறதைவிட இல்லாம இருக்கிறதே மேல்னு நாலு விஷயத்தைப் பட்டியல் போடறார். அவையைப் பார்த்து நடுங்கறவங்களோட கல்வி, படிக்காதவங்க அவைக்குப் பயப்படாம போடற சத்தம், கொடுத்துச் சாப்பிடாதவங்களோட செல்வம், அப்புறம் ஏழைகளோட அழகு.

இந்தப் பட்டியல்ல முதலாவதும் கடைசியும் என்னை உறுத்துது. ஜிஎஸ்டி ரோட்டுல தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் எத்தனை காலேஜ் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ப்ளேஸ்மென்ட் சீசன்ல குரூப் டிஸ்கஷன்ல வாயே திறக்காம உட்கார்ந்துட்டு வர்ற பசங்க எத்தனை பேர்! கணக்கு வரும், கோடிங் வரும். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்ததால இங்கிலீஷ்ல பேசணும்னா உடம்பு நடுங்கும். அவங்க கல்வி இல்லாம இருக்கிறதே மேலா? அவை எந்த மொழியில நடக்குதுங்கிறதை முடிவு பண்றது அந்தப் பையனோ பொண்ணோ இல்லையே. ஏழையோட அழகு வீண்ங்கிறது உலகம் நடக்கிற விதத்தைச் சொல்ற கசப்பா, இல்லை அவரோட காலத்து மேட்டிமையா? ரெண்டு மாதிரியும் படிக்க இடம் இருக்கு. நான் அதைப் பூசி மெழுக விரும்பலை.

ஆனா, இதை எழுதினவரே பின்னாடி அந்த இடத்துல போய் நிக்கிறார். காசியில. மடத்து மரபு சொல்ற கதைப்படி, அங்கே முகலாய ஆட்சியாளரைப் பார்த்து மடத்துக்கு இடம் கேட்கணும். அவருக்குத் தமிழ் தெரியும், அந்த ஊர்ல பேசற மொழி தெரியாது. மதுரை அரண்மனையில பிள்ளைத்தமிழ் பாடினவர், இங்கே ஒரு வாக்கியம் பேச முடியாது. அப்போதான் சரஸ்வதியை வேண்டி சகலகலாவல்லி மாலை பாடறார், பத்துப் பாட்டு. அந்த மொழி வருது, அவைக்குப் போறார். சிங்கத்து மேல ஏறிப் போனார்னு கூடக் கதை இருக்கு. அந்த ஆட்சியாளர் தாரா ஷிகோன்னு சிலர் சொல்வாங்க. காசிப் பண்டிதர்களை வெச்சு 50 உபநிடதங்களைப் பாரசீகத்துல மொழிபெயர்த்து 1657ல முடிச்ச அதே இளவரசர்.

சிங்கத்தை விட்டுடலாம். எனக்கு முக்கியம், பெரிய புலவர் ஒருத்தர் ஊர் மாறினதும் பேச்சில்லாதவர் ஆயிடறார்ங்கிறது. அவருக்கு அது தன்னோட குறைன்னு தோணலை, இன்னும் கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்குன்னுதான் தோணியிருக்கு. இன்னைக்கும் பரீட்சைக்கு முன்னாடி நிறைய வீடுகள்ல அந்தச் சகலகலாவல்லி மாலையைப் பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறாங்க.

மதுரைக்கும் காசிக்கும் நடுவுல இன்னொரு தடவையும் அவருக்குப் பேச்சு நின்னுச்சு. யார் முன்னாடி உன் வாக்கு நிக்குதோ அவர்தான் உன் குருன்னு அவருக்கு முன்னாடியே சொல்லப்பட்டிருந்துச்சாம். தருமபுரம் ஆதீனத்துல மாசிலாமணி தேசிகர் பெரியபுராணத்துல ஒரு பாட்டைச் சொல்லி, இதோட அனுபவம் என்னன்னு கேட்கிறார். அர்த்தம் கேட்டிருந்தா அடுக்கியிருப்பார். அனுபவம்னு கேட்டதும் பேச்சு வரலை. அங்கேயே பணிஞ்சுட்டார்.

இப்போ நீதிநெறி விளக்கத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுக்கு வரலாம். செல்வத்தைப் பொறுத்தவரைக்கும் உன்னைவிடக் கம்மியா இருக்கிறவங்களைப் பாரு, நமக்கு இவ்வளவு இருக்கேன்னு சந்தோஷப்படு. கல்வியைப் பொறுத்தவரைக்கும் உன்னைவிட அதிகம் படிச்சவங்களைப் பாரு, நாம படிச்சது எந்த மூலைக்குன்னு கர்வம் உடையட்டும். காசுக்குக் கீழ பார், அறிவுக்கு மேல பார்.

நாம அப்படியே திருப்பிப் போட்டு வெச்சிருக்கோம். இன்ஸ்டாவுல யார் வீடு வாங்கினாங்க, யார் பாலிக்குப் போனாங்கன்னு காசு விஷயத்துல எப்பவும் மேலேயே பார்க்கிறோம். அறிவுன்னு வந்தா, கமென்ட்ல தப்பா எழுதினவனைப் பார்த்து "இதுகூடத் தெரியலையா"ன்னு கீழே பார்க்கிறோம். முன்னதுல நிம்மதி போகுது, பின்னதுல வளர்ச்சி போகுது.

மேல பார்த்துப் படிக்கிறதுக்கு நம்ம ஏரியாவுலயே ஒரு உதாரணம் உண்டு. மறைமலை அடிகள் 1911ல கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டுட்டுப் பல்லாவரத்துல குடியேறினார். கல்லூரி அப்போ ஜார்ஜ் டவுன்ல இருந்துச்சு, தாம்பரத்துக்கு வந்தது 1937ல. தமிழ், சமஸ்கிருதம், இங்கிலீஷ் மூணும் தெரிஞ்ச அறிஞர், அதுக்கப்புறமும் ஆயிரக்கணக்கில புத்தகம் சேர்த்துப் படிச்சுட்டே இருந்தார். அவர் காலத்துக்கு அப்புறம் அந்தச் சேகரிப்பு பொது நூலகமா ஆச்சு.

ஒரு எதிர்க்கேள்வி வரும். நம்மளைவிட ஏழையைப் பார்த்துச் சந்தோஷப்படறது குரூரம் இல்லையா? அந்தப் பாட்டை மட்டும் படிச்சா அப்படித்தான் தோணும். இன்னொரு பாட்டுல அதுக்குப் பதில் மாதிரி ஒண்ணு இருக்கு. கல்வியோ காசோ, இல்லாதவங்க உங்க முன்னாடி எப்படித் தலைகுனிஞ்சு கேட்டு நிக்கிறாங்களோ, அதே மாதிரி நீங்களும் அவங்க முன்னாடி பணிஞ்சு நின்னாத்தான் அதுக்குச் செல்வம்னு பேர். கொடுக்கிறவன் குனியணும். கீழே பார்க்கிற கண்ணுக்கு அவர் வெக்கிற நிபந்தனை இது.

இப்போ "கருமமே கண்"ணுக்குத் திரும்பலாம். பசி, தூக்கம், அவமானம் எதையும் பார்க்காதேங்கிறது சரி, எந்தக் கருமத்துக்காக? போஸ்டர் அதைச் சொல்றதில்லை. உய்த்து உணர்ற அறிவு இல்லாத படிப்பே வீண்னு சொன்னவர், எதுக்குன்னு கேட்காத உழைப்பை மட்டும் கொண்டாடியிருப்பார்னு எனக்குத் தோணலை. உங்களைத் தூங்காம படிக்கச் சொல்றவங்ககிட்ட அந்தக் கேள்வியை நீங்க தாராளமா கேட்கலாம். குரூப் டிஸ்கஷன்ல பேச்சு வராம உட்கார்ந்திருந்தவங்களும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கலாம். இதை எழுதினவருக்கும் காசியில அதே நிலைமைதான்.

நீதிநெறி விளக்கம் சின்னப் புத்தகம். 1830லயே சென்னையில ஸ்டோக்ஸ்ங்கிறவரோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்திருக்கு. மூலம் ப்ராஜெக்ட் மதுரை தளத்துல இலவசமாவே கிடைக்குது, உரையோட அச்சுப் பதிப்புகளும் இருக்கு. வெண்பா முதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அதை அவரே முன்கூட்டியே சொல்லிட்டார். தாம்பரத்துலேர்ந்து பீச் போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல நாலு பாட்டு உரையோட படிச்சுடலாம். எந்தப் பாட்டு உங்களைக் கோபப்படுத்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, அதை வெச்சு இன்னொரு எபிசோடு பேசுவோம்.