கூடுதல் ஒரு மணி நேரம்

எழுதக் கை ஒத்துழைக்காத மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் இன்னொரு மணி நேரம் தரவேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் 2013 வழிகாட்டு நெறிகளில் வந்த ஏற்பாடு இது: மணிக்குக் குறைந்தது 20 நிமிடம், ஈட்டு நேரம். சலுகையென்று இதைச் சொல்வோர் மீது எனக்குக் கோபமே வருகிறது. மற்றவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட நேரம்தானே இது?

2016 சட்டம் கற்றல் குறைபாடுகளையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 2018இல் வந்த புது நெறிகளும் 40 விழுக்காடு ஊனம் என்ற வேலியை விடவில்லை. அதற்குக் கீழே இருந்தவருக்குச் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கவில்லை, நேரமும் கிடைக்கவில்லை.

அந்த வேலியை அசைத்தவர், எழுதும்போது கை இறுகிப்போகும் ஒரு மருத்துவர். குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டதால் வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், விகாஷ் குமார் வழக்கில், உதவி பெற 40 விழுக்காடு தேவையில்லை என்றது. அதன்படி புதிய நெறிகள் வந்து சேர 2022 ஆகஸ்ட் ஆனது.

இதற்கிடையே 2021 செப்டம்பர் 12. நீட் தேர்வு. டிஸ்கிராஃபியா எனும் எழுத்துக் குறைபாடுள்ள ஒரு மாணவி. 40 விழுக்காடு ஊனம் உள்ளதால் பழைய வேலிக்குள்ளேயே இருந்தவர். விதியும் அவர் பக்கம்தான். ஆனாலும் மூன்று மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். டெல்லியில் எழுதப்பட்ட விதி தேர்வறை வாசலைத் தாண்டவில்லை. மும்பை உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நவம்பர் 23இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அவருக்கு அநீதி நேர்ந்ததை ஒப்புக்கொண்டது, தேர்வுப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரச் சொன்னது. மறுதேர்வு மட்டும் தரவில்லை. என்ன பரிகாரம் செய்வதென்று ஒரு வாரத்தில் யோசிக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு விட்டது. பல லட்சம் பேர் எழுதிய தேர்வைத் தொட அமர்வு தயங்கியிருக்கலாம். ஆனால் பறித்தவர்களிடமே பரிகாரத்தைக் கேட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2025 பிப்ரவரியில் வங்கித் தேர்வு தொடர்பான குல்ஷன் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், இந்த வசதிகளை எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிவாக்கச் சொன்னது. நீதிமன்றத்துக்கு வருமுன் முறையிட ஓர் இணைய வாசலும் அமைக்கச் சொன்னது. அந்த வாசல் தேர்வு நாளன்றே திறந்திருக்க வேண்டும். அந்த மாணவி உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றபோது நீட் முடிவுகள் வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.