எலிக்கு ஒண்ணும் ஆகல... மனுசனுக்கு?

1/ "எலிக்குக் கொடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க மக்களே. ஒரு பழைய இதய மருந்தோட வரலாறு சொல்றேன்.

2/ 1785. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியைப் பத்திப் புத்தகம் போடுறார். உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு நாட்டு வைத்தியத்தில் கொடுத்த இலை அது. டிஜிட்டாலிஸ் மருந்து பிறந்த கதை இதுதான். இன்னைக்கும் நாங்க எழுதுற டிகாக்சின் அதே குடும்பம்.

3/ சிக்கல் என்னன்னா, காப்பாத்துற அளவுக்கும் கொல்ற அளவுக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி. இலைக்கு இலை வீரியமும் மாறும். எப்படி அளக்குறது? விலங்குகளை வெச்சுதான். தவளையின் இதயம் சுருங்கிய நிலையிலேயே நிற்குதான்னு பார்த்தாங்க. 1910-ல் அமெரிக்காவின் ஹேட்சரும் பிராடியும் பூனைக்குப் போனாங்க. சிரையில் மெதுவா ஏத்தும்போது, பூனை சாக ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தேவையோ, அது ஒரு 'பூனை யூனிட்'. நிஜமாவே அதான் பேரு! பின்னாடி புறாவும் வந்தது.

4/ ஆனா எலி? இந்த வேலைக்கே ஆகாது. கினிப்பன்றியின் இதயத்தைத் தடுமாற வைக்கிற அளவை எலியின் இதயம் கண்டுக்கவே கண்டுக்காது.

5/ ஏன்? 1957-ல் டென்மார்க்கின் ஸ்கோ, நண்டின் நரம்பில் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைக் கண்டுபிடிச்சார் (1997-ல் நோபல்). டிஜிட்டாலிஸ் அடைக்கிறது இந்தப் பம்ப்பைத்தான். அடைச்சா செல்லுக்குள் சோடியம் தேங்கும். அதனால கால்சியம் வெளியேறுவது குறையும், தசை பலமா சுருங்கும். அளவு மீறினா துடிப்பே தாறுமாறாகிடும்.

6/ 1988-ல் பிரைஸும் லிங்ரெலும், மருந்துக்கு எளிதில் மசியும் செம்மறி ஆட்டின் பம்ப்பில் ரெண்டே ரெண்டு அமினோ அமிலங்களை எலியில் இருப்பது போல மாத்தினாங்க. அவ்வளவுதான், ஆட்டுப் பம்ப்பும் மருந்துக்கு மசியல. ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் வெறும் ரெண்டு!

7/ நம்ம பம்ப் எலி மாதிரி இல்லைங்க, ஆடு மாதிரி. இது நமக்கு எதுக்கு டாக்டர்னு கேக்குறீங்களா? வேலியோரம் பூக்கிற மஞ்சள் அரளியில் இருப்பதும் இதே வகை நஞ்சுதான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ உயிர்களைக் குடிச்சிருக்கு. யாராவது அதைத் தின்னுட்டா, "இப்போ நல்லாத்தானே இருக்காங்க"ன்னு காத்திருக்காதீங்க. துடிப்பு தப்புறது தாமதமாகவும் வரலாம். கை வைத்தியம் வேண்டாம். உடனே 108, இசிஜி இருக்கிற ஆஸ்பத்திரி.