வண்டிக் கூடு: சேலம், நாமக்கல் சமவெளியில் பாடி கட்டும் தொழில்

எஞ்சின், சட்டகம், சக்கரங்கள் ஆகியவற்றோடு மட்டும் ஆலையிலிருந்து வரும் சேசிஸின் மீது ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் அமைத்துத் தரும் பட்டறைத் தொழில் ‘பாடி கட்டுதல்’ எனப்படுகிறது. பழைய பாடியைக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் ஏற்றுவதும் இதில் அடங்கும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் இத்தொழிலால் இந்திய அளவில் அறியப்பட்டவை.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்பெட்டி மேல் ஃபைபர் கிளாஸ் கூடு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேற்பகுதியில் விரித்து மடக்கும் துணிக்கூடாரம் பொருத்திப் பயணம் போவது பரவலான வழக்கம். பழைய கூடுகளை மலிவாக வாங்கிப் புதுப்பிப்பதும் அங்கே உண்டு. இந்தியச் சாலைகளில் இத்தகைய கூடு அரிது. ஆனால் அதைப் புதுப்பிக்கத் தேவைப்படும் கைவேலைகள் அனைத்தும் இந்தச் சமவெளியின் பட்டறைகளில் தனித்தனித் தொழில்களாக இருந்துவருபவை.

கூண்டு வண்டியிலிருந்து லாரிக்கு

வண்டியின் கீழ்ப்பாகம் வேறு, மேற்கூடு வேறு என்ற எண்ணம் மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே இப்பகுதியில் உண்டு. மூங்கிலை வில்லாக வளைத்து, மேலே பாய் போர்த்திய கூண்டைச் சந்தைக்கும் திருவிழாவுக்கும் போகையில் வண்டியில் ஏற்றிக் கட்டுவார்கள். எருவோ நெல்லோ ஏற்ற வேண்டியபோது இறக்கி வைத்துவிடுவார்கள். குடும்பம் இரவில் அதற்குள்ளேயே உறங்கும். பெயர் புதிதே தவிர, கழற்றி மாட்டும் முகாம் கூடு என்பது இதுதான்.

1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பின்னர் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் 1954 முதல் லாரிகளைத் தயாரித்தது. இந்நிறுவனங்கள் பெரும்பாலும் சேசிஸையே விற்றன. வாங்கியவர் முகப்பு மட்டும் கொண்ட அந்த வண்டியை, கதவும் கூரையும் இல்லாமல், வெயிலிலும் மழையிலும் பட்டறை வரை ஓட்டி வர வேண்டும். மேலே என்ன கட்டுவது என்பதைத் தீர்மானித்தவர்கள் உரிமையாளரும் தச்சரும்தான்.

சரக்கு மாறியபோது பாடியும் மாறியது. நாமக்கல் முட்டைக்கு ஒரு வகை, சங்ககிரி சிமெண்டுக்கு ஒரு வகை, சேலம் ஜவ்வரிசி மூட்டைக்கு வேறொரு வகை. சமையல் எரிவாயு டேங்கர்களும் டிரெய்லர்களும் நாமக்கல்லின் தனி அடையாளமாயின. கடும்பாறை நிலமான இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு தலைமையிடமானது.

மாவட்டப் பிரிவினை இவையனைத்துக்கும் பின்னால் வந்தது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை இவ்வூர்கள் எல்லாம் சேலம் மாவட்டமே. இராசிபுரம் வட்டத்திலுள்ள வெண்ணந்தூர் நெசவூர்; அங்கே காதில் விழுவது தறிச்சத்தம். ஆனால் சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய மூன்று ஊர்களுக்கும் இடையே அமைந்திருப்பதால், லாரித் தொழிலின் வட்டத்துக்கு வெளியே அது எந்நாளும் இருந்ததில்லை.

வீடாக இருந்த கேபின்

இத்தொழிலின் வரலாற்றைச் சரக்கை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. வடநாட்டுக்குச் செல்லும் லாரியில் ஓட்டுநரும் கிளீனரும் வாரக்கணக்கில் வாழ்ந்தனர். இருக்கைக்குப் பின்னால் படுக்கப் பலகை, சாமி படத்துக்கு ஒரு மாடம், அரிசிக்கும் அடுப்புக்கும் ஒரு பெட்டி, கேபின் தலைக்கு மேலே தார்ப்பாயும் கயிறும் வைக்க இடம் என்று கேபின் வீடாகவே கட்டப்பட்டது. ரிக் வண்டியோடு செல்லும் குழுவினர் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்குவார்கள். குழாய்களை ஏற்றிவரும் துணை லாரியே அவர்களுக்குப் பண்டசாலை; பல இரவுகளில் படுக்கையறையும்கூட. சுற்றுலாவுக்காகப் பிற நாடுகளில் உருவான வசதி, இங்கே பிழைப்பின் பொருட்டு யாரும் பெயரிடாமலேயே உருவாகியிருந்தது.

ஃபைபரின் வரவு

கண்ணாடி இழையை வணிக அளவில் நூற்கும் முறை அமெரிக்காவில் 1930-களில் உருவானது. 1953-இல் வெளிவந்த செவர்லே கார்வெட் கார் ஃபைபர் உடலோடு வந்தது. இந்தியாவில் பெங்களூரின் சிபானி நிறுவனம் 1980-களில் விற்ற டால்ஃபின் காரின் உடலும் ஃபைபரே. தகரத்தைப் போல் துருப்பிடிக்காதது, மரத்தைப் போல் கறையான் அரிக்காதது, அச்சு ஒன்று இருந்தால் எந்த வளைவையும் எடுக்கலாம் என்பவை இதன் பலம். பேருந்துகளின் முன்பின் முகப்புகள் வழியாக இப்பொருள் பாடி பட்டறைகளுக்குள் வந்தது.

பழைய ஃபைபர் கூட்டைச் சீர்செய்வது தகரவேலையிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தலாம். ஃபைபர் நசுங்குவதில்லை, விரிசல் விடுகிறது. விரிசலின் மேல் பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் அதே கோடு மீண்டும் தெரியும். உள்ளே இழை அறுந்திருப்பதே காரணம். விரிசலின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, தடிமனைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலத்துக்கு அதைத் திறந்து, கண்ணாடி இழைப் பாயைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் ரெசினை ஊறவிட்டு, காற்றுக் குமிழியை உருளையால் வெளியேற்ற வேண்டும். எண்ணெயோ ஈரமோ மிச்சமிருந்தால் புதிய அடுக்கு பிடிக்காது. பாலியெஸ்டர் ரெசினில் கெட்டிப்படுத்தும் திரவம் பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு சேர்க்கப்படும். சித்திரை வெயிலில் அளவைக் குறைக்காவிட்டால் கையிலுள்ள டப்பாவிலேயே இறுகிவிடும்.

பழைய கூட்டில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஃபைபர் அல்ல. விறைப்புக்காக உள்ளே புதைத்த மரமும், கீல்களைச் சுற்றிய திருகுத் துளைகளும், கூடாரத் துணியின் தையலுமே கெடுகின்றன. திருகுத் துளை வழியே இறங்கும் நீர் மரத்தை வெளியே தெரியாமல் உளுக்கச் செய்யும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் மங்கலான ஓசை கேட்கும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். ஆகவே இவ்வேலைக்குத் தச்சர், ஃபைபர் ஆள், பெயிண்டர், தார்ப்பாய் தைப்பவர் ஆகிய நால்வரும் தேவை. லாரி பாடியை உருவாக்கியதும் இதுபோன்ற கூட்டுவேலைதான்.

சட்டமும் பட்டறையும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின் கீழ், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. லாரிகளின் கேபின், பாடி, டிரெய்லர் ஆகியவற்றுக்கு ஏ.ஐ.எஸ்.-093 என்ற விதித்தொகுப்பும், தங்கும் வசதியுள்ள கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்பதும் உள்ளன. விபத்தில் மரக் கேபின் நொறுங்கி உயிரிழந்தவர்களை நினைத்தால் இவ்விதிகளைக் குறைசொல்ல இயலாது. ஆனால் சோதனைச் சான்று பெறும் செலவைப் பெரிய நிறுவனம் தாங்கும் அளவுக்கு, நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறை தாங்காது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். கேபின் முழுமையாக ஆலையிலிருந்தே வரும்போது பட்டறைக்கு மிஞ்சுவது சரக்குப் பெட்டியும் பழுதுவேலையும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் லாரிகள் எஃப்.சி. காட்ட வேண்டியிருப்பதால், பழைய பாடியைத் தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நிறுத்தும் வேலை மட்டும் தடைபடாமல் வந்துகொண்டிருக்கிறது.