தேவையும் கேள்வியும்

'டிமாண்ட்' என்ற பொருளியல் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தேவை' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'கேள்வி' என்கின்றன. கடைத்தெருவில் வழங்குவது 'கிராக்கி'. வாங்க வருபவரையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு.

மூன்றில் கேள்வியே துல்லியமானது என்பேன். 'கேள்' என்ற வினையடியில் பிறந்த சொல் அது. ஏலத்தில் விலை கேட்கிறோம், கடையில் பொருள் கேட்கிறோம். அப்படிக் கையில் காசோடு கேட்பதுதான் டிமாண்ட். தேவை என்பதோ வெறும் இல்லாமையைச் சொல்வது. காசு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

மருத்துவத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் கட்டாயத் தேவை. ஆனால் பணமில்லாவிட்டால் சந்தைக் கணக்கில் அவருடைய கேள்வி பூஜ்யம். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் இதை 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று எழுதினார்: நல்ல சிகிச்சை அதிகம் தேவைப்படும் மக்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் பிடி இறுக இறுக இந்நிலை மோசமாகிறது.

மறு ஆண்டே அமெரிக்கப் பொருளியலாளர் மைக்கேல் கிராஸ்மன், கேள்வியின் பக்கத்திலிருந்து பார்த்து, மக்கள் நாடுவது உடல்நலத்தை, மருத்துவத்துக்கான கேள்வி அதிலிருந்து கிளைப்பதே என்று விளக்கினார்.

பாடநூல் எழுதுவோரே, சுகாதாரப் பொருளியலிலாவது தேவை, கேள்வி என இரண்டு சொற்களை வையுங்கள்.